சாசரின் 'கேன்டர்பரி கதைகளில்' வரும் பார்டனர் தன் புரட்டைத் தானே ஏன் சொல்லிக்கொள்கிறான்?

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். பார்டனர் என்றால் திருச்சபையின் பெயரால் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய இந்த நூலில், கேன்டர்பரிக்குப் புனித யாத்திரை போகும் பயணிகள் வழியில் கதைகள் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவனான இவன், தலையணை உறையைக் காட்டி மாதாவின் முக்காடு என்பான். கண்ணாடிக் குடுவையில் பன்றி எலும்பை வைத்துக்கொண்டு புனிதப் பொருள் என்பான். வருடத்துக்கு 100 மார்க் வரும்படி, அதாவது சுமார் 66 பவுண்டு! அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

வேடிக்கை என்னவென்றால், அவன் எப்போதும் பிரசங்கம் செய்வது ஒரே தலைப்பில்தான்: பண ஆசையே எல்லாத் தீமைக்கும் வேர். அதைச் சொல்லியே பணம் கறக்கிறான்.

சரி, ஏன் ஒப்புக்கொள்கிறான்? வழியில் மதுக்கடையில் குடித்துவிட்டுப் பேசுகிறான் என்பது ஒரு காரணம். எனக்கென்னவோ, தொழில் பெருமைதான் முக்கியமாகப் படுகிறது. நான் கெட்டவன்தான், ஆனாலும் நல்ல நீதிக்கதை சொல்லத் தெரியும் என்கிறான். சொல்லவும் செய்கிறான்: மரணத்தைக் கொல்லப் புறப்பட்ட மூன்று குடிகாரர்கள், மரத்தடியில் கிடைத்த தங்கத்துக்காக ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறார்கள்.

அப்புறம்தான் உச்சம். எல்லாவற்றையும் உளறிய பிறகும், அதே பயணிகளிடம் காசு கேட்கிறான். முதலில் மாட்டியவர், பயணிகளோடு கூடவே வரும் விடுதிக்காரர். அவர் கொடுத்த பச்சையான வசையில் பார்டனருக்கு வாயடைத்துப்போகிறது. கடைசியில் பயணிகளில் ஒருவரான நைட் (போர்வீரப் பிரபு) குறுக்கிட்டு இருவரையும் சமாதானப்படுத்துகிறார்.