எங்கள் புறநகருக்குப் புதிதாக வருபவர்கள் மீது பழைய ஆட்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறதா?

கோபத்துக்குக் காரணம் இருக்கும். ஆனால் அது போய் விழுகிற இடம் பெரும்பாலும் தப்பு. நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் (Markham) என்ற நகரில், அதனால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

1991இல் இங்கே ஒன்றரை இலட்சம் பேர்தான். 2021 கணக்கெடுப்பில் 3,38,503. அதில் ஏறக்குறைய பாதிப்பேர் சீன வம்சாவளியினர். ஒரு தலைமுறைக்குள் ஊர் இவ்வளவு மாறினால் உரசல் வரத்தான் செய்யும். 1995இல் அது பெரிதாக வெடித்தது. சீனர்கள் ஒரே இடத்தில் குவிவதால் பிணக்கு வருகிறது, பழைய குடிகள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற கருத்துப்பட அன்றைய துணை மேயர் கரோல் பெல் பேசினார். சீனச் சமூகம் கொதித்தது. சுற்றியுள்ள ஊர்களின் மேயர்களே அதைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள்.

அந்தச் சண்டைக்குள் உண்மையான பிரச்சினை ஒன்றும் இருந்தது: மோல் (பெரிய கடைத்தொகுதி) கட்டும் முறை. வழக்கமான மோலுக்கு ஒரு முதலாளி இருப்பார், ஒன்றிரண்டு பெரிய கடைகள் இருக்கும், மற்றவை வாடகைக்கு. புதிய சீன மோல்களில் ஒவ்வொரு சின்னக் கடையும் தனித்தனியாக விற்கப்பட்டது. கடைகள் அதிகம், சாப்பாட்டுக் கடைகளும் அதிகம். சனி ஞாயிறு என்றால் சனம் திரண்டுவிடும். பார்க்கிங் போதாது, தெரு அடைபடும். கடைத்தொகுதிக்கு எத்தனை பார்க்கிங் இடம் வேண்டும் என்ற விதியைத் திருத்திச் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. அதைச் சீனர் விஷயமாகப் பேசியதும், பார்க்கிங் பற்றி நிதானமாகப் பேச இடமே இல்லாமல் போய்விட்டது. அப்புறம் 1997இல் ஸ்டீல்ஸ் – கென்னடிச் சந்தியில் பசிபிக் மோல் திறந்தது. இன்று கைபேசி திருத்தவும் மூக்குக்கண்ணாடி போடவும் எங்கள் தமிழ் ஆட்களும் அங்கேதான் போகிறார்கள்.

இப்போது அதே பேச்சை எங்கள் ஆட்களின் வாயிலேயே கேட்கும்போது மனசு நோகிறது. 1986இல் கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் அகதிகளாக வந்தபோது முதலில் கிடைத்தது தடுப்புக்காவல். இரண்டும் எங்களுக்குத் தெரிந்த கதைகள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் வட இந்திய மாணவர்கள் இருக்கிறார்கள். டிரைவ்வேயில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கார்கள். உள்ளே நிற்கும் காருக்கு விடியக்காலை வேலை என்றால் மற்ற நான்கையும் எடுத்து றோட்டில் விட வேண்டும். பனி கொட்டுகிற நாளில் பனி அள்ளும் வண்டி வந்தால் அதற்கும் வழியில்லை. பக்கத்து வீட்டு அண்ணை என்னிடம், "உவங்கள் வந்த பிறகுதான் தம்பி தெரு கெட்டது" என்றார். "அண்ணை, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆர்? எங்கட ஆள்தானே?" என்று கேட்டேன். அவர் பேசாமல் நின்றார். வாடகையை வாங்கிக்கொண்டு வேறு ஊரில் இருக்கிற அந்த மனிதர் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

இந்த மாணவர்கள் இவ்வளவு பேர் வந்ததற்கும் காரணம் உண்டு. 2019இல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் அரசு உள்ளூர் மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, அப்படியே உறைய வைத்தது. பல மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டு கல்லூரிகள் பணத்தை ஈடுகட்டின. அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. 2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. அதற்குள் பழி முழுக்க அந்தப் பிள்ளைகள் தலையில் விழுந்துவிட்டது.

எனக்கு அந்தக் கார்களை விடப் பெரிய கவலை, நெருப்புப் பிடித்தால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்பதுதான். வாடகைக்கு விடும் பேஸ்மென்டில் புகை அலாரம், தீ பரவாத தடுப்பு, தப்பி வெளியேற வழி எல்லாம் இருக்க வேண்டும். இல்லை என்று முறையிட்டால் அறை போய்விடும் என்று குடியிருப்பவர்களே வாய் திறக்க மாட்டார்கள். நகரசபையில் முறையிட அண்ணை தயாராகத்தான் இருந்தார். சோதனை போட்டு மாணவர்களைப் பனியில் வெளியேற்றினால் என்ன செய்வது என்று கேட்டேன். முதலில் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து அலாரத்தையும் வெளியேறும் வழியையும் சரிசெய்யச் சொல்வது, இரண்டு கார்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வது, இரண்டு கிழமைக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் நகரசபை உறுப்பினருக்கு வீட்டுக்காரருக்கு எதிராகவே முறைப்பாடு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.