வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

பி.எஃப். என்பது மாதாமாதம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்து, கம்பெனியும் தன் பங்கைப் போட்டு, ஓய்வுக்காலத்துக்காக வட்டியோடு வளரும் பணம். பெங்களூரில் மாரத்தஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறினால் புது வீட்டு அட்வான்ஸே லட்சத்தைத் தாண்டிவிடும், அப்போது கண் நேராக இந்த பி.எஃப். பணத்தின் மேல்தான் போகும். எடுக்காதீர்கள், புது கம்பெனிக் கணக்குக்கு மாற்றுங்கள். 5 வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. கணக்கை மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்தே எண்ணப்படும். வரியைவிடப் பெரிய நஷ்டம் வட்டிக்கு வட்டி அறுந்துபோவதுதான், உறை ஊற்றிய பாலை ஒரு மணி நேரத்திலேயே கலக்கினால் தயிர் எங்கே தோயும்? அப்புறம், வேலையை விட்டதும் பழைய கணக்கில் வட்டி நின்றுவிடும் என்று பயந்து பலர் எடுக்கிறார்கள்; அப்படியெல்லாம் இல்லை, பணம் அங்கேயே கிடந்தால் 58 வயது வரை வட்டி வரும்.