படபடப்புக்காகக் குடிக்க ஆரம்பித்தேன். 12 வாரக் கவுன்சிலிங் போதுமா?

கேள்வி: வயது 38. அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் படபடப்பு, கை வியர்க்கும். அதற்காகத் தொட்ட குடி இப்போது தினமும் ஒரு குவாட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் போட்டால்தான் நிற்கிறது. மாத்திரையே வேண்டாம், 12 வாரம் கவுன்சிலிங் போனால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். நாளையிலிருந்தே நிறுத்திவிடட்டுமா?

பதில்: கவுன்சிலிங் போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் நாளைக்கே நீங்களாக மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

காலையில் கை நடுங்குவதும், குடித்தால் அது அடங்குவதும் உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டதைக் காட்டுகிறது. இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த இரண்டு நாட்களில் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் வந்து, இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகிற அபாயம் அது. அதனால் முதல் ஒரு வாரம் போல மருத்துவர் கண்காணிப்பில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாம் மாதிரி ஒரு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத் தருவோம், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவோம். மாத்திரை வேண்டாம் என்ற பிடிவாதம் இந்த ஒரு வாரத்துக்கு வேண்டாம். அதே சமயம் தூக்க மாத்திரை எதையும் நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும்.

இன்னொரு விஷயம். மது மூளையை அமைதிப்படுத்தும், அதை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்ளும், போதை இறங்கியதும் அந்தப் பரபரப்பு மட்டும் மிஞ்சும். ஆக இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் பதற்றத்தில் ஒரு பங்கு குடியே கொடுத்தது. விட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தப் பங்கு பெரும்பாலும் வடிந்துவிடும். உங்கள் கூச்சமோ குடிக்கு முன்பே இருந்தது, அது மிச்சமிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "முதலில் குடியை விட்டுட்டு வாங்க, பயத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது உங்களை அனுப்பிவைத்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பயம்தான் உங்களைத் திரும்ப டாஸ்மாக் வாசலுக்கு இழுக்கும்.

இனி கவுன்சிலிங். நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தை சிகிச்சையில் வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். முதலில் ஒரு நோட்டு: எப்போது குடிக்கத் தோன்றியது, யாரோடு இருந்தீர்கள், அதற்கு முந்தைய நிமிடம் மனதில் ஓடியது என்ன. சம்பள நாள், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வழி, ரிசப்ஷனில் "ஒரு கட்டிங் மட்டும் மச்சான்" என்று நீளும் கை, இவற்றுக்கெல்லாம் என்ன சொல்வது, எப்படி நகர்வது என்று பேசிப் பார்த்துப் பழகுவோம். அப்புறம் பயத்துக்கு வருவோம். தெரியாதவரிடம் வழி கேட்பதில் தொடங்கி, ஷிப்ட் மீட்டிங்கில் இரண்டு நிமிடம் பேசுவது வரை ஒவ்வொன்றாக, படபடப்பு தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அன்று ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாலும் பயிற்சி வீண், சமாளித்தது நீங்கள் இல்லை, மதுதான் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

எந்த முறை சிறந்தது என்று அலைய வேண்டாம். 1997ல் முடிவு வெளியான அமெரிக்காவின் 'பிராஜெக்ட் மேட்ச்' ஆய்வில் மூன்று வகைப் பேச்சு சிகிச்சைகளை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றில் வெறும் 4 அமர்வுதான், மூன்றிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதற்காக 12 வாரத்தோடு எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு நாள் சறுக்கினால் அடுத்த அமர்வுக்கு அவசியம் வாருங்கள், அன்றைக்குத்தான் பேச நிறைய இருக்கும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் உண்டு, கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980லிருந்து குடி, போதை சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், எந்நேரமும் இலவசம். வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள், அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கடைசியாகக் குடித்த நேரத்தையும் முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்குள் நடுக்கம் அதிகமானாலோ பேச்சு குழம்பினாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.