பழைய கூரையும் புது வீடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தக்கலைக்காரன். ஆர்க்கிடெக்சர் கடைசி ஆண்டு. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போக ஆசை. "ஓட்டு வீட்டுக்கு ஒட்டுப் போடவா அஞ்சு வருசம் படிச்ச?" என்கிறார் அப்பா. பாட்டியின் ஓட்டு வீட்டையே இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்ற பேச்சும் நடக்கிறது. நீங்கள் பழையதைப் புதுப்பிப்பது, புதிதாகக் கட்டுவது என்று இரண்டு வேலையும் செய்கிறீர்கள். நான் எந்தப் பக்கம் போக?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்தப் பக்கத்தையும் விட வேண்டாம். இரண்டும் ஒரே வேலை என்றே நினைக்கிறேன்.

பழைய கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல், உத்தரத்தின்மேல் உட்காரும் நுனியில்தான் பெரும்பாலும் முதலில் உளுத்துப்போகும். மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்பார் ஒப்பந்தக்காரர். நல்ல ஆசாரி உளுத்ததை மட்டும் சாய்வாக அறுத்து, அதே மரத்தில் புதுத் துண்டு கோத்துவிடுவார். அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது நம் பாடு. ஓர் ஓடு நகர்ந்திருக்கும். சுவர் பொருமுகிறது என்றால், யாராவது சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். இதைக் கையால் கொத்தி எடுத்தவர், புது வீட்டுக்குக் கோடு போடும்போதே மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று யோசிப்பார்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956-இல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. நல்ல மழை நாளில் போய், சரிந்த கூரையும் சுவரைத் தாண்டி நீளும் இறவாரமும் சுவரை எப்படிக் காக்கின்றன என்று பாருங்கள். பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த மண்ணின் கட்டுமானத்தை இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தன் புதுக் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் அவர் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்கள், அதாவது இடையிடையே துளை விட்டு அடுக்கிய சுவர்கள், வெயிலை மட்டுப்படுத்திக் காற்றை உள்ளே விடும். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் புது வீடுகளும் கட்டுகிறார், கேரள அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் பழைய கட்டடங்களையும் மீட்டிருக்கிறார்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். கூரையைப் பிரித்துப் பார்க்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாது, வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்காது. ஆபீஸ் வாடகையைப் புது வீடுகள் கொடுக்கட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாட்டி வீட்டை இடிக்கும் முன் ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு மச்சில் ஏறுங்கள். உத்தரம், கழுக்கோல், கதவு எல்லாவற்றையும் அளந்து வரையுங்கள். டேப்பின் மறுமுனையை அப்பா பிடிக்கட்டும். மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி, வரைபடத்தையும் அனுப்புங்கள். இடிக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.