கறுப்பு டீ-சர்ட்டும் வெள்ளை மையும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போட்டோ பிரிண்ட் போட வாங்கிய எப்சன் எல்1800 சும்மா கிடக்கிறது. கறுப்புக் காட்டன் டீ-சர்ட்டில் நேரடியாக அடிக்கும்படி அதை மாற்ற முடியுமா?"

முடியும். அதில் மையைத் துப்பும் தலை பீசோ ஹெட். மையைச் சூடாக்காமல், மின்சாரம் பட்டால் நெளியும் படிகத்தை வைத்து அழுத்தித் தள்ளுகிறது. அதனால் துணிக்கான பிக்மென்ட் மையும் (நிறத்தூள் கலந்த மை) அதில் ஓடும்.

மெக்கானிக் வேலை பார்க்கத்தான் பயமாக இருக்கும். உருளைகளைக் கழற்றிவிட்டு, பேப்பரை இழுத்த மோட்டாரையே துணி விரித்த பலகையை நகர்த்த வைக்க வேண்டும். பல்சக்கரக் கணக்கு பிசகினால் படம் கோடு கோடாக விழும், இல்லையென்றால் நீண்டுபோகும். பலகையின் முனை சரியான நேரத்தில் பேப்பர் சென்சாரைத் தட்டாவிட்டால், பேப்பர் வரவில்லை என்று பிரிண்டர் நின்றுவிடும். ஹெட்டுக்கும் துணிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 மி.மீ. அதைவிடத் தூக்கினால் மை சிதறிப் படம் மங்கும்; இறக்கினால் பஞ்சு ஹெட்டில் உரசும். நல்ல பட்டறைக்காரர் கிடைத்தால் இதெல்லாம் முடிந்துவிடும்.

முடியாமல் இழுத்துக்கொண்டே இருப்பது வெள்ளை மைதான். கறுப்புத் துணியில் நிறங்கள் தெரிய, அடியில் வெள்ளை அடித்தாக வேண்டும். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனமானது. சும்மா விட்டால் அடியில் படியும். டேங்கில் படிந்தால் குலுக்கிவிடலாம். டியூபிலும், ஹெட்டுக்கு முன்னால் மையை வடிகட்டும் சின்னப் பெட்டியான டேம்பரிலும் படிந்தால் என்ன செய்வது? போட்டோ மைக்காகச் செய்த மெஷினில் மையைச் சுற்றவிடும் ஏற்பாடே கிடையாது. நான் மாற்றிய முதல் பிரிண்டரை தீபாவளிக்கு நான்கு நாள் மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வெள்ளையில் ஒரு கோடுகூட வரவில்லை, ஹெட்டே போய்விட்டது. தினமும் குலுக்கி, மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் கோடுகளை அடித்துப் பார்த்து, லீவு விட்டால் கிளீனிங் திரவம் ஏற்றி வைக்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். அடிக்கடி கிளீனிங் கொடுத்தால் வீணாகும் மையைக் கணக்கிடும் வேஸ்ட் இங்க் கவுண்டர் நிரம்பி பிரிண்டர் பூட்டிக்கொள்ளும், அது தனித் தொல்லை.

கம்ப்யூட்டரில் போடும் எப்சனின் டிரைவர் சாஃப்ட்வேருக்கு வெள்ளை என்றால் என்னவென்றே தெரியாது. லைட் சயான், லைட் மெஜந்தா இரண்டின் இடத்தில் வெள்ளையை ஊற்றி, எந்த மை எங்கே விழ வேண்டும் என்று தானே பிரித்துக் கொடுக்கும் ரிப் (RIP) சாஃப்ட்வேர் வழியாக அடிக்க வேண்டும். துணிக்கும் முதலில் பிரீட்ரீட்மென்ட் திரவம் அடித்துக் காயவைக்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் உப்புதான் வெள்ளையை நூலுக்குள் இறங்கவிடாமல் மேலேயே திரளச் செய்கிறது. அப்புறம் 160 டிகிரி அளவில் ஹீட் பிரஸ்.

என்னைக் கேட்டால், இதே மெஷினை டிடிஎஃப் (DTF) ஆக மாற்றுங்கள். அதாவது, பெட் (PET) பிளாஸ்டிக் ஃபிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, துணியில் அழுத்துவது. ஃபிலிமை உருளையே இழுத்துக்கொள்ளும். ஈரமான மையை மிதிக்கும் சின்னப் பல்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டால் போதும். பலகை வேண்டாம், பஞ்சு உரசாது, பிரீட்ரீட்மென்ட் செலவும் மிச்சம், பாலியஸ்டரிலும் ஒட்டும். கையில் பிளாஸ்டிக் மாதிரித் தட்டுப்படும், அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளை மையின் தொல்லை மட்டும் இதிலும் அப்படியே இருக்கும்.

எதற்கும், இப்போது இருக்கும் மையிலேயே ஒரு நாசில் செக் எடுங்கள். இரண்டு மூன்று முறை கிளீன் செய்த பிறகும் கோடுகள் விட்டுப்போனால், அந்த மெஷினில் காசு போடாதீர்கள்.