கூரைக்கு மேலே ஒரு சுமை: கேம்பர் வேன் கேரியர் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் என் பழைய கேம்பர் வேனுக்கு (உள்ளேயே படுத்துத் தூங்க வசதி செய்த வேன்) மேல் கேரியர், அதாவது சுமை ஏற்றும் சட்டம், கட்டிய கதையைப் போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினேன். அந்த ஒரு பத்திக்குத்தான் இத்தனை கடிதங்கள். பட்டறை வேலையை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வேனுக்கு நானே கேரியர் செய்யப்போகிறேன். வெல்டிங் தெரியும். இரும்பில் செய்யலாமா, அலுமினியமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: பட்டறை வைத்திருப்பவனுக்கு எதையும் மெலிதாகச் செய்ய மனசு வராது. என் முதல் கேரியரை 40-க்கு 40 சதுர இரும்புப் பைப்பில், 3 மி.மீ. கனத்தில் செய்தேன். நீளம் 3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், நடுவே ஐந்து குறுக்குச் சட்டம். கால்களையும் சேர்த்து 18 மீட்டர் பைப் போனது. தூக்கிவைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எடை போட்டால் 63 கிலோ. வண்டியின் கையேட்டில் கூரைக்கு அனுமதித்திருந்தது 100 கிலோ. மிச்சமிருந்த 37 கிலோவுக்குள் நான் எதை ஏற்ற? இரண்டு சோலார் பேனல், ஒரு பெட்டி, அவ்வளவுதான். சுமை தூக்கத்தான் கேரியர். என் கேரியரே பெரிய சுமையாக உட்கார்ந்துவிட்டது.

அதே அளவை அதே கனத்தில் அலுமினியத்தில் செய்திருந்தால் 22 கிலோதான் வந்திருக்கும். ஆனால் அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்றால், விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அளவு பைப்பில் ஒரே சுமையை வைத்தால் இரும்பைப்போல மூன்று மடங்கு வளையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதைச் சரிக்கட்ட வழி, பைப்பின் உயரத்தைக் கூட்டுவது. 25-க்கு 25 இரும்புப் பைப் 2 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 1.44 கிலோ. 40-க்கு 40 அலுமினியப் பைப் 3 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 1.2 கிலோ. எடை குறைவான அந்த அலுமினியம், இந்த இரும்பு வளைவதில் பாதிதான் வளையும். கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு வெல்டிங் தெரியும் என்பதால் ஒரு எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் 6061-டி6 போன்ற அலுமினியம், சூடுபடுத்திப் பதப்படுத்தி உறுதியாக்கியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பலத்தில் பாதிக்கு அருகில் இழந்துவிடும். பற்ற வைத்த தையல் பளபளவென்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் விரிசல் விடும். அதனால் அலுமினியம் என்றால் மூலைகளில் தகடு கொடுத்து போல்ட் போட்டு இணையுங்கள். பக்கவாட்டில் நீளப் பள்ளமாகக் காடி ஓடும் அலுமினியச் சட்டங்களும் கிடைக்கின்றன. காடிக்குள் நட்டைத் தள்ளி வேண்டிய இடத்தில் முறுக்கிக்கொள்ளலாம். பின்னால் ஒரு பேனலை நாலு விரற்கடை நகர்த்த நினைத்தால் அந்தக் காடிக்குக் கும்பிடு போடுவீர்கள்.

இரும்புதான் என்று முடிவு செய்தால் அதுவும் தப்பில்லை. 25 மி.மீ. பைப் போதும். பைப்பின் முனைகளை மூடுங்கள், அடியில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். ஜி.ஐ. பைப்பைப் பற்ற வைப்பதானால் இணைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல்தான். பட்டவன் சொல்கிறேன்.

கேள்வி: கையேட்டில் கூரைக்கு 100 கிலோ என்று போட்டிருக்கிறது. கூரைக் கூடாரம் 60 கிலோ. நாங்கள் இருவரும் ஏறிப் படுத்தால் இன்னும் 130 கிலோ. அப்படியானால் கூடாரமே வைக்கக்கூடாதா?

பதில்: அந்த 100 கிலோ, வண்டி ஓடும்போதைக்கு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், திடீரென்று பிரேக் போடும்போதும், வளைவில் சாயும்போதும் மேலே உள்ள சுமை பல மடங்காக இழுக்கும். அதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். நிறுத்திய வண்டியின் கூரை இதைவிட அதிகம் தாங்கும். எவ்வளவு என்பதை வண்டி செய்தவர்களிடம் எழுதிக் கேளுங்கள். நான் ஒரு எண் சொல்லி நீங்கள் அதை நம்பி ஏறிப் படுப்பது சரியில்லை. ஒரே மாடல் வேனிலேயே தாழ்ந்த கூரைக்கு ஒரு எண், உயர்ந்த கூரைக்கு அதைவிடக் குறைந்த எண் இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது கூடாரம் 60, கேரியர் 22 என்றால் மிச்சம் 18 கிலோ. அதற்கு மேல் ஒரு ஸ்டெப்னி டயரை ஏற்றினால் கணக்கு தாண்டிவிடும். கேரியரின் எடையும் அந்த 100-க்குள்தான் என்பதை எழுதியவர்களில் பாதிப்பேர் மறந்திருக்கிறீர்கள். இன்னொன்று, அந்த 100 கிலோ என்பது கூரையில் கம்பெனி கொடுத்திருக்கும் எல்லாப் பிடிப்புப் புள்ளிகளிலும் சுமை பரவினால்தான். ஆறு புள்ளி இருக்கும் இடத்தில் நாலு காலோடு நிறுத்திவிட்டு முழு எடையையும் ஏற்றக்கூடாது.

கேள்வி: கூரையில் துளை போட்டு எட்டு போல்ட்டால் கேரியரைப் பிடித்திருக்கிறேன். விடியற்காலையில் இரண்டு போல்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை நனைகிறது. மூன்று முறை சீலன்ட் பூசிவிட்டேன். மழையே பெய்யாத நாளிலும் சொட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். மழை பெய்யாத நாளில் சொட்டும் தண்ணீர் மேலிருந்து வருவதில்லை, உங்கள் மூச்சிலிருந்து வருகிறது. தூங்கும் ஒருவர் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். இரண்டு பேர், மூடிய கண்ணாடி. அந்த ஈரம் வண்டிக்குள் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் உட்காரும். வெளியே பனியில் குளிர்ந்த கேரியரின் குளிர்ச்சியை நேராக உங்கள் மெத்தைக்கு மேலே கொண்டுவந்து இறக்குவது அந்த போல்ட்தான். சுற்றிலும் தெர்மாகோல், பலகை என்று நீங்கள் பதமாக மூடியிருப்பீர்கள். போல்ட்டின் முனை மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே சங்கதி.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. நல்ல வெயில் நாளில் போல்ட்டின் முனையைத் துடைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி நூலால் கட்டுங்கள். கதவுகளைத் திறந்துபோட்டு, வெளியே கேரியரின் அந்தக் காலைச் சுற்றிப் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் பேப்பர் காய்ந்திருந்தால் உங்கள் சீலன்டில் குற்றமில்லை. அப்புறம் முனையின் மேல் தண்ணீர் உறிஞ்சாத (closed-cell) ரப்பர் நுரையை ஒட்டி, காற்று புகாமல் சுற்றிலும் அடைத்துவிடுங்கள். படுக்கும்போது ஒரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவையுங்கள். மெத்தை காயும்.

இனிமேல் துளை போட இருப்பவர்களுக்கு: போடாமல் முடியுமானால் போடாதீர்கள். பழைய வேன்களில் கூரையோரம் மழைத்தண்ணீர் வடிய மடித்துவிட்ட விளிம்பு இருக்கும். கேரியரின் காலை அதில் கவ்வவிடலாம். புதிய வேன்கள் பலவற்றில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் மரை போட்ட துளைகள் கம்பெனியிலேயே இருக்கும். முதலில் அவற்றைத் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் டிரில். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. விரலால் தட்டிக்கொண்டே போனால் டொம்மென்று கேட்பது டக்கென்று மாறும் இடத்தில் உள்ளே குறுக்கு விலா இருக்கிறது. கால் அங்கேதான் உட்கார வேண்டும். துளை போட்டதும் பிசிறை அரத்தால் எடுத்து, வெட்டிய விளிம்பில் பிரைமர், பெயின்ட் அடித்து, அது காயும்வரை பொறுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் இரண்டு வருடத்தில் துரு பூக்கிறது. உள்ளே அகலமான தகடு கொடுங்கள். சீலன்ட் என்றால் பாலியூரித்தேன். சிலிக்கான் பூசிய இடத்தில் பின்னால் எந்தப் பெயின்டும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

கேள்வி: கேரியர் போட்டதிலிருந்து 80, 90 கி.மீ. வேகத்தில் யாரோ காதில் ஊதுவதுபோல ஒரு ஊளைச் சத்தம். வேகம் குறைந்தால் நின்றுவிடுகிறது.

பதில்: குறுக்குக் கம்பி உருண்டையாக இருக்கிறதா? பந்தயம் கட்டுகிறேன், 25 மி.மீ. உருண்டைப் பைப்பாகத்தான் இருக்கும். காற்று உருண்டைக் கம்பியைத் தாண்டும்போது மேலும் கீழுமாக மாறிமாறிச் சுழல் விட்டுக்கொண்டே போகும். 25 மி.மீ. கம்பியில் 90 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 200 தடவை. அந்த எண்ணிக்கை காதுக்கு நன்றாகக் கேட்கும் ஊளை.

இதற்கு மருந்து தொழிற்சாலைப் புகைபோக்கியில் இருக்கிறது. உயரமான இரும்புப் புகைபோக்கியின் உச்சிப் பகுதியில் திருகுபோலத் தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சுழல்கள் நீளம் முழுக்க ஒரே தாளத்தில் கிளம்பாமல் கலைத்துவிடத்தான் அது. நீங்கள் ஒரு 5 மி.மீ. நைலான் கயிற்றை எடுத்து முன் கம்பியில் கொடி சுற்றுவதுபோல, சுற்றுக்குச் சுற்று ஒரு சாண் இல்லாமல் அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டுச் சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். அரை மணி நேர வேலை. என் வேனில் அந்தக் கயிறு வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் அவிழ்க்க மறந்துவிட்டேன் என்று நினைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: மேலே தூக்கித் திறக்கும் கூரை உள்ள வேனில் கேரியர் போடலாமா?

பதில்: கம்பெனி அனுமதித்திருந்தால் மட்டும். அப்போதும் கூரையைத் திறக்கும் முன் சுமையை இறக்கிவிடுங்கள். தூக்கிப் பிடிக்கும் காஸ் ஷாக்குகள் வெறும் கூரையின் எடைக்குத் தக்கபடி வைத்தவை.

கேள்வி: சோலார் பேனலைக் கேரியரில் வைப்பதா, கூரையில் நேராக ஒட்டுவதா?

பதில்: கேரியரில். பேனல் சூடானால் மின்சாரம் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம். வெயிலில் 65 டிகிரி ஆனால் 16 சதவீதம் போச்சு. அடியில் காற்று ஓட இடமிருந்தால் அவ்வளவு சூடேறாது. ஆனால் அதே காற்று தூக்கவும் பார்க்கும். 90 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 38 கிலோ எடைக்குச் சமம், 120-இல் 68. அதனால் பேனலின் முன் விளிம்பை உயர்த்தி வைக்காதீர்கள், முன்னால் ஒரு தடுப்புத் தகடு கொடுங்கள். நீளமான அலுமினியச் சட்டமாக இருந்தால் கடைசிக் கால்களில் துளையை நீள்வட்டமாகப் போடுங்கள். 3 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் அடியிலிருக்கும் இரும்புக் கூரையைவிட 1.3 மி.மீ. கூடுதலாக நீளும். ஒரு தடவை நீண்டால் ஒன்றுமில்லை, தினமும் நீண்டு சுருங்கினால் சீலன்ட் கிழியும். பெட்டியின் நிழலும் கம்பியின் நிழலும் பேனலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேரியரில் கறுப்புப் பைப் கட்டி வெந்நீர் பிடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: பிடிக்கலாம். 110 மி.மீ. பைப் 2 மீட்டருக்கு 17 லிட்டர் கொள்ளும். 17 லிட்டர் என்றால் 17 கிலோ, அதையும் கணக்கில் சேருங்கள். முழுக்க நிரப்பி அடைக்காமல் காற்று போக ஒரு வால்வு வையுங்கள்.

கேள்வி: போல்ட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை முறுக்க வேண்டும்?

பதில்: மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னால். முதல் சில நாளில் ரப்பரும் பெயின்டும் அமுங்கி உட்காரும், அதனால்தான் தளர்கிறது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை உலர்ந்தபடி முறுக்கினால் பாதியில் கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துபோகும்.

முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஏணி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். பெட்ரோல் போடும் நேரத்தில் கதவுப்படியில் ஏறி ஒரு பார்வை பார்த்தால் போதும். எனக்கு இந்தப் பழக்கம் வந்தது, வலது பின்காலின் நட்டை ஒருநாள் கூரையோர விளிம்பிலேயே கிடக்கக் கண்டெடுத்த பிறகு. எத்தனை கிலோமீட்டர் அங்கேயே உருண்டுகொண்டிருந்ததோ.