நிழலுக்குக் கறுப்பு எதுக்குப்பா?

ராயபுரத்துல உக்காந்து காமிக்ஸுக்குக் கலர் போடுறவன் நான். கேளுங்க.

காசிமேட்டுத் தம்பி: அண்ணா, மீனவர் கதை வரையிறேன். மூஞ்சில நிழல் போட்டா அழுக்கு அப்பின மாதிரி இருக்கு.

கறுப்பைக் கலந்திருப்பே. விடியக்காலைல உங்க ஹார்பர்ல ஏலம் விடுறவங்க மூஞ்சியப் பாரு. கடல் பக்கமிருந்து வெயில் தாழ்வா, ஆரஞ்சா வந்து விழும். மறுபக்கக் கன்னத்துல வானத்து நீலம் லேசா ஏறியிருக்கும். அதனால மல்டிப்ளை லேயர்ல, அதாவது கீழ இருக்குற கலரை இருட்டாக்குற அடுக்குல, மங்கின ஊதாவை வை. அடிக்கலரோட ஹியூ, அதாவது வண்ண வட்டத்துல அதோட இடம், 20ன்னா, நிழலை 10 பக்கம், சிவப்புக்கு நகர்த்து.

இன்னொண்ணு. கறுத்த தோலுக்கு உருவம் குடுக்குறது நிழலைவிடப் பளபளப்புதான்: நெத்தி, மூக்கு நுனி, காறை எலும்பு. அந்தப் பளபளப்பு விளக்கோட நிறத்துலதான் இருக்கும், தோல் நிறத்துல இருக்காது. சுத்த வெள்ளையை வெச்சேன்னா பிளாஸ்டிக் பொம்மை.

வியாசர்பாடி: எந்த சாஃப்ட்வேர்?

கிரிட்டா. இலவசம். அடுத்து.

தண்டையார்பேட்டை: ராத்திரித் தெருவுக்கு என்ன கலர்ண்ணா?

கதை எந்த வருஷம்? பழைய சோடியம் விளக்குன்னா எல்லாமே ஆரஞ்சு. அதுல நீலம் ரொம்பக் கம்மி, நீலச் சட்டை கிட்டத்தட்ட கறுப்பாத் தெரியும். இப்ப எல்இடி, வெள்ளை வெளிச்சம்.

எண்ணூர்: நிழலுக்குக் கறுப்பு 40 சதவீதம் போதுமா?

மேல படிப்பா.

பதிப்பாளர் ஒருத்தர்: ஹீரோவைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க சார். அச்சுல மூஞ்சி தெரியாது.

மூஞ்சி தெரியலைன்னா தப்பு பின்னாடி இருக்குற சுவர்ல சார். பக்கத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்க. மூஞ்சியும் சுவரும் ஒரே சாம்பலா இருந்தா சுவரை வெளுங்க. அச்சுல சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை, ஒவ்வொண்ணும் 100 சதவீதம் வரைக்கும்; நாலும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினாலும் நிழல் சேறாயிடும். அது தோல் பண்ற தப்பில்ல.

பதிப்பாளர்: வாசகருக்குச் செவப்பு ஹீரோதான் பிடிக்கும்.

காசிமேட்டுத் தம்பி: எங்க தெருவுல யாரு சார் செவப்பு?

தண்டையார்பேட்டை: வில்லனை மட்டும் கறுப்பாப் போடச் சொல்லுவாங்கண்ணா, எனக்கும் சொன்னாங்க.

எனக்கும்தான். ஒரு தடவை சரின்னு வெளுத்துக் குடுத்தேன். படகுல நிக்கிறவன் ஏசி ரூம்ல இருந்து வந்த மாதிரி ஆயிட்டான். இன்னிக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன். சார், உங்க பக்கத்தை அனுப்புங்க. தோலைத் தொடாம சுவரை மட்டும் மாத்திக் காட்டுறேன்.

எண்ணூர்: அப்ப 20 சதவீதம்?